பாஸ்போர்ட்டில் இன்னும் அவர் பெயர்

மணமுறிவுக்குப் பிறகு தனியாக வெளிநாடு போய்வர நினைக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. எல்லாம் ராமநாதபுரம் கடலோர ஊர்களிலிருந்து வந்தவை. எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து ஆகி ஒரு மாதம் ஆகிறது. அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். பத்து நாள் தனியாக மலேசியா போய்வரணும். பாஸ்போர்ட் இருக்கிறது, ஆனால் அதில் அவர் பெயரும் மாமியார் வீட்டு விலாசமும்தான். அப்படியே போகலாமா? (வாசகி, பாம்பன்)

போகலாம். கடைசிப் பக்கத்தில் கணவர் பெயர் இருக்கிறது என்பதற்காக எந்த நாட்டிலும் உங்களைத் திருப்பி அனுப்பமாட்டார்கள். குடியேற்றச் சோதனைக் கவுன்டரில் பார்ப்பது உங்கள் பெயர், பிறந்த தேதி, காலாவதித் தேதி. போய் இறங்கும் நாளிலிருந்து 6 மாதமாவது செல்லுபடி இருக்கவேண்டும். உங்கள் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்து வாங்கியிருந்தால், டிக்கெட்டிலும் அதே எழுத்துகள், அதே வரிசை. பிடிக்கவில்லை என்று டிக்கெட்டில் மட்டும் விட்டுவிட்டால் விமான நிலையத்தில் போர்டிங் பாஸ் கிடைக்காது.

மாற்றிக்கொண்டுதான் போவேன் என்றால், எதற்குப் பிறகு எது என்பது முக்கியம். பலர் நேராக பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் போய் உட்கார்ந்து, பாதியில் மாட்டிக்கொள்கிறார்கள். முதலில் பார்க்கவேண்டியது சிம். நம் ஊர்ப்பக்கம் எத்தனையோ பெண்களின் கைபேசி எண் கணவர் பெயரில்தான் இருக்கிறது. ஆதாருக்கும் வங்கிக்கும் ஓடிபி வருவது அந்த எண்ணுக்கு. அவர் ஒரு கடிதம் கொடுத்து அந்த எண்ணை நிறுத்தினால் நீங்கள் கோலாலம்பூரில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவேண்டியதுதான். அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எந்தெந்த எண்கள் இருக்கின்றன என்று பார்க்கலாம். உங்கள் எண் அவர் பெயரில் இருந்தால் அவர் சம்மதத்தோடு பெயர் மாற்றுங்கள். அவர் ஒத்துவராவிட்டால் மல்லுக்கட்ட வேண்டாம், உங்கள் பெயரில் புது எண் வாங்கி ஆதார் மையத்தில் கைரேகை வைத்து அதை இணைத்துவிடுங்கள். பிறகு வங்கி.

அடுத்தது ஆதார் விலாசம். அம்மா வீட்டில் உங்கள் பெயரில் வரி ரசீதோ கரண்ட் பில்லோ இருக்காது. அதற்கென்றே 2023-இல் ‘குடும்பத் தலைவர்’ முறை வந்தது. உங்களுக்கும் அம்மாவுக்கும் உள்ள உறவைக் காட்டும் ஒரு சான்றை வைத்து இணையத்தில் மனுப்போட்டால், அம்மாவின் கைபேசிக்குத் தகவல் போகும். அவர் 30 நாளுக்குள் சம்மதம் கொடுக்கவேண்டும். அம்மாவின் ஆதாரிலும் கைபேசி எண் இணைந்திருக்கவேண்டும் என்பதுதான் பலரும் மறப்பது.

இவ்வளவுக்கும் பிறகுதான் பாஸ்போர்ட். நம் மாவட்டம் மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் வருகிறது. இணையத்தில் ‘மறுவழங்கல்’ என்பதைத் தேர்ந்து, காரணமாக ‘சொந்த விவரங்களில் மாற்றம்’ என்று குறித்து, துணைவர் பெயர், விலாசம் இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் மாற்றுங்கள். 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் மேலே 2,000. மணமுறிவு ஆனவர் துணைவர் பெயரைத் தரவேண்டாம், தீர்ப்பு நகலும் தேவையில்லை என்று வெளியுறவு அமைச்சகம் 2016 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. ஆனால் உங்களுடையது ஏற்கெனவே பெயர் ஏறிய புத்தகம். கேட்டால் காட்ட, நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு வாங்கிய சான்றிட்ட நகலைக் கையில் வைத்திருங்கள். வக்கீல் கொடுத்த ஜெராக்ஸ் உதவாது.

ஆதாரில் பழைய விலாசத்தை விட்டுவிட்டு விண்ணப்பித்தால் என்ன ஆகும்? போலீஸ் விசாரணை மாமியார் வீட்டுக்குப் போகும். ‘இங்கே அப்படி யாரும் இல்லை’ என்று ஒரு வார்த்தை போதும், கோப்பு நின்றுவிடும். அதனால்தான் பாஸ்போர்ட்டைக் கடைசியில் வைக்கச் சொல்கிறோம்.

திருச்சபை தந்த திருமண ரத்தையே மணமுறிவாகக் காட்டலாமா என்று தங்கச்சிமடத்திலிருந்து கேட்ட இன்னொரு சகோதரிக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். திருச்சபைத் தீர்ப்பாயம் தந்த திருமண ரத்து, கோயில் காரியங்களுக்கு மட்டும்தான். அரசு ஆவணங்களில் அது மணமுறிவு ஆகாது. நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும்.

கேள்வி: எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். பாசி எடுக்கிற வேலை. குழுவில் சேர்த்த பணம் இருக்கு. ஈசிஆர் பாஸ்போர்ட்டுன்னா பொம்பள தனியா போக விடமாட்டாங்கன்னு சொல்றாங்களே? (வாசகி, மண்டபம்)

தவறாகச் சொல்கிறார்கள். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈசிஆர், அதாவது ‘குடிபெயர்வுச் சோதனை தேவை’ என்ற முத்திரை விழும். அது கட்டுப்படுத்துவது வேலைக்குப் போவதை, அதுவும் வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உட்பட 18 நாடுகளுக்கு மட்டும். சுற்றிப்பார்க்கப் போகிறவருக்கு குடிபெயர்வு அனுமதி தேவையில்லை.

ஆனால் கவுன்டரில் கூடுதலாக நாலு கேள்வி வரும். சுற்றுலா விசாவில் பெண்களைக் கூட்டிப்போய் வீட்டுவேலையில் தள்ளும் கும்பல்கள் இருப்பதால்தான் கேட்கிறார்கள். திரும்பிவர டிக்கெட், தங்குமிடம் பதிவுசெய்த தாள், செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரம், மூன்றையும் அச்செடுத்து ஒரு கவரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தால் பதற்றம் வரும், பதற்றம் சந்தேகத்தைக் கூட்டும். யாரோடு போகிறீர்கள் என்றால் ‘தனியா, ஊர் பார்க்க’ என்று உள்ளதைச் சொல்லுங்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை) போகலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பள்ளி விடுமுறையும்கூட. டிக்கெட்டை முன்பே எடுங்கள்.

யாராவது ‘டிக்கெட் நாங்க போடுறோம், வரும்போது ஒரு பொருள் மட்டும் கொண்டாங்க’ என்றால், அது தங்கம் கடத்தும் குருவி வேலை. இந்தக் கரையில் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கித் திரும்புகிறவருக்குத்தான் வரியில்லாமல் நகை கொண்டுவரச் சலுகை. பத்து நாள் போய்வருகிறவருக்கு ஒரு கிராமுக்கும் கிடையாது. உங்கள் சொந்த வளையல், சங்கிலியைப் போட்டுப் போவதாக இருந்தால், புறப்படும்போதே சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் வைத்துவிட்டுப் போவது இன்னும் நல்லது.

கேள்வி: எனக்கு ஒரே பெயர்தான், இனிஷியல் மட்டும் உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. துபாயில் அக்காவைப் பார்க்கப் போகமுடியாது என்கிறார் ஏஜென்ட். (வாசகி, தொண்டி)

2022 நவம்பர் முதல் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயருள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா, வருகை விசாவில் தடை போட்டது. தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் இருந்தால் ஏற்போம் என்று பிறகு விளக்கமும் தந்தது. உங்கள் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எப்படியும் மறுவழங்கலுக்குப் போகப்போகிறீர்கள் என்றால், இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராக ஏற்றிவிடுங்கள். பிறகு எந்த நாட்டு விண்ணப்பத்திலும் தகராறு வராது.

கேள்வி: முதல் பயணத்துக்கு எந்த நாடு? வீட்டில் பயப்படுகிறார்கள். ஹலால் சாப்பாடும் கிடைக்கவேண்டும். (வாசகி, கீழக்கரை)

மலேசியா. திருச்சியிலிருந்து நேரடி விமானம் உண்டு. இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா வேண்டாம். இந்தச் சலுகை அவ்வப்போது நீட்டிக்கப்படுவது, ஆகவே டிக்கெட் எடுக்கும் அன்று ஒருமுறை சரிபாருங்கள். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பவேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல.

பகலில் போய் இறங்கும் விமானமாகப் பாருங்கள். கோலாலம்பூர் விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்திலிருந்து நகரின் மைய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலுக்கு விரைவு ரயிலில் 33 நிமிடம். பேருந்து நேரம் பிடிக்கும், ஆனால் மலிவு. கேஎல் சென்ட்ரலை ஒட்டியே பிரிக்ஃபீல்ட்ஸ், தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும். கேடிஎம் கொம்யூட்டர் ரயிலில் பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு. மூன்று நாள் அங்கே, பிறகு ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து படகேறி பினாங்கு ஜார்ஜ் டவுன். நாசி கண்டார் நம் தமிழ் முஸ்லிம்கள் அங்கே போய் உண்டாக்கிய சாப்பாடு. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இருக்கும் தெருவில் நடந்தால் ஊர் வாசனை அடிக்கும். அது சிலருக்கு ஆறுதல், சிலருக்கு எரிச்சல். ‘யார் வீட்டுப் பிள்ளை, மாப்பிள்ளை என்ன பண்றார்’ என்ற கேள்வியிலிருந்து தப்பிக்கத்தான் போகிறீர்கள் என்றால் தமிழர் பகுதியில் அறை எடுக்காமல், சாப்பிட மட்டும் போய்வாருங்கள்.

சின்ன விஷயங்கள்: வெளிநாட்டவர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி, பெரும்பாலும் அங்கே போனபிறகுதான் கேட்பார்கள். நம் மூன்று உருண்டைக் கம்பி ப்ளக் அங்கே நுழையாது, சதுரக் கம்பி அடாப்டர் வேண்டும். டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நீங்களே திறந்துவிட வேண்டும், பெரும்பாலான கார்டுகளில் அது மூடித்தான் இருக்கும். மெஷினில் ‘ரூபாயிலா, ரிங்கிட்டிலா’ என்று கேட்டால் ரிங்கிட். ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தில் கை கடிக்கும். இந்திய சிம்மில் ரோமிங்கைப் புறப்படும் முன்பே திறந்து வையுங்கள், ஓடிபி அதில்தான் வரும். பயணக் காப்பீட்டில் நாமினி யார் என்று ஒருமுறை பாருங்கள். பழைய விவரம் தானாக நிரம்பி அவர் பெயரே வந்து நிற்கும்.

கேள்வி: பகலெல்லாம் சமாளித்துவிடுவேன். அங்கே போய் ராத்திரி உடைந்து அழுதால் என்ன செய்வது? (வாசகி, ராமேஸ்வரம்)

அழலாம். அதற்கும் ஏற்பாடு செய்துகொண்டு போகலாம்.

கஷ்டமான நேரம் பெரும்பாலும் ராத்திரி அல்ல, சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு. அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்தியதும் ‘எப்போ வர்றே’ என்று கேட்க ஆளில்லை என்பது உறைக்கும். ஆகவே அந்த இரண்டு மணி நேரத்தை வெறுமையாக விடாதீர்கள். நாலு மணிக்கு அறைக்கு வந்து குளித்துப் படுத்து எழுந்து, ஆறு மணிக்கு வெளியே போங்கள். இரவுச் சந்தை, சமையல் வகுப்பு, வழிகாட்டியோடு குழுவாகப் போகும் நடை என்று முதல் மூன்று நாளுக்காவது முன்பதிவு இருக்கட்டும். சாப்பாட்டுக் கடையில் சுவரோரம் வாசலைப் பார்த்து உட்காருங்கள். தனியாக உண்பது முதல் இரண்டு வேளைதான் கூச்சம்.

கைபேசியையும் தயார்செய்யவேண்டும். ‘மூன்று வருடத்துக்கு முன் இதே நாள்’ என்று கல்யாணப் படத்தைத் தூக்கிப் போடுவது கூகுள் போட்டோஸின் வழக்கம். அதன் அமைப்பில் ‘நினைவுகள்’ பகுதிக்குப் போய் அவர் முகத்தையும் குறிப்பிட்ட தேதிகளையும் மறைக்கலாம். அவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை ம்யூட் செய்யுங்கள். உங்கள் வாட்ஸ்அப் அவர் கணினியில் இணைந்து கிடக்கிறதா, கூகுள் மேப்பில் இருப்பிடப் பகிர்வு ஓடுகிறதா என்று பார்த்து நிறுத்துங்கள். கல்யாண நாள், பிறந்தநாள் பயணத்துக்குள் வராதபடி தேதி போடுங்கள். வீட்டுக்குப் பேசுவது ஒரு நாளைக்கு ஒருமுறை, குறித்த நேரத்தில். மணிக்கு ஒருமுறை பேசினால் அம்மாவின் பயமும் கூடவே பயணம் வரும்.

தூக்கத்துக்கோ மன அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர் ஊர் மாறும் உற்சாகத்தில் நிறுத்திவிடக் கூடாது. அசல் அட்டையோடு, மருந்தின் வேதிப்பெயர் எழுதிய டாக்டர் சீட்டோடு, கைப்பையில் வையுங்கள். அமீரகத்தில் சில மருந்துகளுக்கு முன் அனுமதியே வேண்டும். சாப்பிடாமல் தூங்காமல் வாரக்கணக்கில் இருப்பவர் இப்போது பயணம் போகவேண்டாம். அரசின் மனநல உதவி எண் 14416 (டெலி மனஸ்), தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

ஒத்திகையாக கன்னியாகுமரியோ கொச்சியோ இரண்டு இரவு தனியாகத் தங்கிப் பாருங்கள். லாட்ஜ் கவுன்டரில் ‘ஒருத்தர் மட்டும்’ என்று சொல்வது, தனியாக மேசை பிடிப்பது, விளக்கணைத்துத் தூங்குவது மூன்றும் கைக்கு வந்துவிட்டால், மற்றதெல்லாம் டிக்கெட்டும் தாளும்தான். வழியில் டாக்சிக்காரர் ‘வீட்டுக்காரர் எங்கே’ என்றால் ‘ரூம்ல இருக்கார்’ என்று பொய் சொல்லலாம், பாவமில்லை.

கேள்வி: விவாகரத்து வழக்கு நடக்கிறது. மனைவி கொடுத்த வரதட்சணைப் புகாரும் நிலுவையில். ஒரு மாதம் எங்காவது போய் மனதைத் தேற்றிக்கொள்ளலாமா? (வாசகர், தேவிபட்டினம்)

விவாகரத்து வழக்கு மட்டும் என்றால் தடையில்லை. வரதட்சணைக் கொடுமைப் புகார் குற்ற வழக்கு. ஜாமீன் நிபந்தனையில் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கவோ, அனுமதியின்றி வெளிநாடு போகக்கூடாது என்றோ இருக்கிறதா என்று முதலில் வக்கீலிடம் கேளுங்கள். நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால், 1967 பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவின்படி புதுப் புத்தகத்தை மறுக்கலாம். நீதிமன்ற அனுமதி பெற்றால் தருவார்கள். உத்தரவில் காலம் குறிப்பிடாவிட்டால் ஓராண்டுக்குத்தான் கிடைக்கும், ஆகவே மனுவிலேயே காலத்தைக் கேளுங்கள். தேடப்படுவோர் சுற்றறிக்கையில் பெயர் இருந்தால் விமான நிலையத்திலேயே நிறுத்துவார்கள்.

கேள்வி: தலைமன்னாருக்குப் படகு விடுகிறார்களா? (வாசகி, தனுஷ்கோடிச் சாலை)

இல்லை. 1964 புயலுக்குப் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில் இலங்கைப் போரோடு நின்றுபோனது. இப்போது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது. வடகிழக்குப் பருவமழையில் நிறுத்திவிடுவார்கள். இலங்கைக்கு இ.டி.ஏ. எனும் மின்னணுப் பயண அனுமதியை இணையத்தில் வாங்கிக்கொண்டு போங்கள், 30 நாள் செல்லும். லங்கா க்யூஆர் பலகை உள்ள கடைகளில் நம் யுபிஐ வேலை செய்யும். குமட்டல் மாத்திரையைக் கப்பல் ஏறுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். வள்ளத்தில் வளர்ந்தவர்களுக்கும் மூடிய கப்பலில் தலை சுற்றும்.