பாறைக்குப் போகிறவர் குலசேகரம் போகக் கூடாதா?

கேள்வி: அப்பா விட்டுப்போன ரப்பர் விளையில் என் பங்கையும் அண்ணன் ஏமாற்றித் தன் பேரில் எழுதிக்கொண்டான். நாலு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இந்தக் கோபத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட வேண்டும் என்று தியானம் பழகுகிறேன். பௌர்ணமிதோறும் கன்னியாகுமரி போய் விவேகானந்தர் பாறையில் உள்ள தியான மண்டபத்தில் உட்கார்கிறேன். மனம் கலங்க வேண்டாமென்று குலசேகரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். 84 வயது அம்மா அங்கேதான் இருக்கிறார். சாயங்காலமானால் என் பேரைச் சொல்லித் தேடுகிறாராம், மதினி போனில் சொன்னார். அதையும் பற்றில்லாமல் கேட்டுக்கொண்டேன். மாதம் பிறந்தால் பணம் அனுப்புகிறேன். ஆனாலும் அண்ணனை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது. பற்றை விடுவது எப்படி?

– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் அண்ணனுக்கு இரண்டு பக்கம், அம்மாவுக்கு மூன்று வரி. பெற்றவள் பொழுது சாய்ந்தால் பேரைச் சொல்லித் தேடுகிறாள், மகள் ‘பற்றில்லாமல் கேட்டுக்கொண்டேன்’ என்கிறீர்கள். இதைக் கல்நெஞ்சு என்றுதான் நான் சொல்வேன்.

அண்ணன் மேலுள்ள ஆத்திரம் துளியும் குறையவில்லை என்று நீங்களே எழுதுகிறீர்கள். நாலு வருடத்தில் நீங்கள் விட்டது அம்மாவை மட்டும்தான். அது சுலபம், வயதானவர் ‘ஏன் வரவில்லை’ என்று சண்டைக்கா வரப்போகிறார்?

மார்த்தாண்டத்திலிருந்து கன்னியாகுமரிக்கு பஸ், அப்புறம் படகுக்கு வரிசை. குலசேகரம் அதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. 1892 டிசம்பரில் அந்தப் பாறையில் தியானம் இருந்தவர் வீட்டைத் துறந்த சந்நியாசி. அவரே 1898-ல், தன்னை ஆதரித்துவந்த ராஜஸ்தானின் கேத்ரி மன்னருக்கு எழுதிய கடிதத்தில், தான் இறந்த பிறகும் தாய்க்கு மாதம் நூறு ரூபாய் கிடைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ‘நானும்தானே பணம் அனுப்புகிறேன்’ என்பீர்கள். அவர் பணத்தோடு நிற்கவில்லை. 1901-ல், உடம்பு மிகவும் தளர்ந்திருந்த நிலையிலும், தாயைக் கூட்டிக்கொண்டு சந்திரநாத், காமாக்யா என்று யாத்திரை போனார். காவி கட்டியவரே எடுத்துக்கொள்ளாத விலக்கை உங்களுக்கு யார் கொடுத்தது?

சரி, விடுவது எப்படி என்று கேட்டீர்கள். ‘யாதனின் யாதனின் நீங்கியான்’ என்ற குறளுக்கு உரை எழுதும்போது, எல்லாவற்றையும் ஒருசேர விடுவதே தலையாயது, ஒவ்வொன்றாக விட்டாலும் விட்ட பொருள்களால் வரும் துன்பம் இராது என்கிறார் பரிமேலழகர். உங்களுக்கு அந்த இரண்டாவது வழிதான். முதலில், விளைக் கதையைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வதை விடுங்கள். அது நின்றபின், அண்ணன் இருக்கும் அறையில் எழுந்து போகாமல் உட்காரப் பழகுங்கள். கோபம் கடைசியில் போகிற சாமான், இப்போதே அதைப் பிடித்து இழுக்க வேண்டாம். பங்கு வேண்டுமென்றால் வக்கீலைப் பாருங்கள். அது உங்கள் உரிமை, தியானத்தோடு போட்டுக் குழப்பாதீர்கள்.

இந்த ஞாயிறே குலசேகரம் பஸ் ஏறுங்கள். அண்ணன் வாசலில் இருந்தால் ‘சுகமா’ என்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள், பதில் வராவிட்டாலும் போங்கள். மதினி தருகிற காப்பியை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், இத்தனை நாளும் உங்கள் அம்மாவைக் குளிப்பாட்டி விடுகிறவர் அவர். மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொள்ளுங்கள், பல் இல்லாத வாய்க்கும் அது ஆகும். அங்கே போனால் நெஞ்சு கொதிக்கத்தான் செய்யும். கொதிக்கட்டும், அடுத்த ஞாயிறும் போங்கள்.