பேசினால் சரியாகும் என்பதை எப்படிச் சோதித்துப் பார்க்கிறார்கள்?

"மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். ராத்திரி தூக்கம் இல்லை, திடீரென்று அழுகிறாள். கவுன்சலிங் கூட்டிப் போகச் சொல்கிறார்கள். உட்கார்ந்து பேசினால் சரியாகிவிடும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா? யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த வேலையின் அடிமட்டத்தில் நானும் இரண்டு வருடம் இருந்தேன். எம்.எஸ்சி. உளவியல் முடித்ததும் ஒரு ஆய்வுக் குழுவில் சேர்ந்தேன். திண்டுக்கல் பக்கத்துப் பள்ளிகளுக்குப் பஸ் ஏறிப் போய், பிள்ளைகளிடம் வினாத்தாளைக் கொடுத்து நிரப்பி வாங்கி வருவதுதான் எனக்குத் தந்த வேலை.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த வயதில் மனச்சோர்வு எந்தச் சிகிச்சையும் இல்லாமலே பல பிள்ளைகளுக்குக் கூடிக் குறையும். பரீட்சை முடிந்தாலே சிலர் தேறிவிடுவார்கள். அதனால் "என்னிடம் வந்த பிள்ளைகள் நன்றாகிவிட்டார்கள்" என்று ஒரு கவுன்சலர் சொன்னால் அது மட்டும் ஆதாரம் ஆகாது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு வேண்டும், யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கிப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அமெரிக்காவில் 439 பிள்ளைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. எல்லாரும் 12 முதல் 17 வயது, எல்லாருக்கும் கடுமையான மனச்சோர்வு. முடிவு 2004-இல் வந்தது. 12 வாரம் கழித்துப் பார்த்தபோது, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே நூற்றுக்கு 35 பேர் தேறியிருந்தார்கள். சிபிடி என்ற பேச்சு வழிச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 43 பேர், ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்து மட்டும் பெற்றவர்களில் 61 பேர், இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 71 பேர். இங்கேயே நிறுத்தினால் "பேச்சால் பெரிதாகப் பலனில்லை" என்றுதான் தோன்றும். ஆனால் 36 வாரம் வரை தொடர்ந்து பார்த்தார்கள். சிபிடி பெற்றவர்கள் 81-க்கு வந்து மருந்துக் குழுவைப் பிடித்துவிட்டார்கள். இரண்டும் பெற்றவர்கள் 86. மருந்தோடு பேச்சும் சேர்ந்த குழுவில் தற்கொலை எண்ணங்களும் முயற்சிகளும் மருந்து மட்டும் பெற்ற குழுவைவிடக் குறைவாக இருந்தன. பேச்சுக்குப் பலன் உண்டு, ஆனால் அது மெதுவாக வரும்.

அடுத்த விஷயம், எதை அளக்கிறோம் என்பது. இதை எனக்குப் புரிய வைத்தவன் ப்ளஸ் ஒன் படித்த ஒரு பையன். நாங்கள் கொண்டு போனது உலகம் முழுக்கப் பயன்படும் 25 கேள்வித் தாளின் தமிழ் வடிவம். அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி வருமா, அடிக்கடி அழுகை வருமா என்பது மாதிரிக் கேள்விகள். மூன்றில் ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். அவன் 'இல்லை, இல்லை' என்று கடகடவென்று முடித்துவிட்டான். அந்தத் தாளைப் பொறுத்தவரை அவனுக்குப் பிரச்சினை என்று எதுவுமே இல்லை. தாளை நீட்டும்போது கையை விடாமல் கேட்டான்: "அக்கா, இதை ஹெச்.எம். பார்ப்பாரா?" பார்க்க மாட்டார், பேர்கூட இருக்காது, நம்பர்தான் என்றேன். கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய், கடைசிப் பக்கத்தில் "இப்போது உன்னை அதிகம் வருத்துவது எது?" என்று நாங்கள் விட்டிருந்த வெற்றுக் கோட்டில் எழுதினான். "அப்பா குடிச்சிட்டு வந்து என் பையைத் தெருவுல எறியுறாரு. புக் நனைஞ்சிடுது." 25 கேள்வியில் எதிலும் அது இல்லை. (அன்றைக்கே எங்கள் குழுவின் மூத்த கவுன்சலரிடம் அவன் சம்மதத்தோடு சொல்லி, தொடர்ந்து பார்க்க ஏற்பாடு செய்தோம்.)

இதே விஷயம் டெல்லியில் நடந்த ஒரு ஆய்வில் தெளிவாகத் தெரிகிறது. கோவாவில் தொடங்கிய சங்கத் என்ற மனநலத் தொண்டு அமைப்பும் மனநல ஆய்வாளர் விக்ரம் படேலும் அவருடைய சக ஆய்வாளர்களும் 6 அரசுப் பள்ளிகளில் 251 மாணவர்களைச் சேர்த்தார்கள். ஒரு பாதிக்குச் சித்திரங்களோடு கூடிய சிறு புத்தகங்கள் மட்டும். மறு பாதிக்கு அதோடு மூன்று வாரத்தில் நாலைந்து சந்திப்புகள். பேசியவர்கள் டாக்டர்களோ உளவியல் நிபுணர்களோ இல்லை, பயிற்சி கொடுத்து அமர்த்திய பட்டதாரிகள். பிரச்சினை என்ன, என்ன வழிகள் இருக்கின்றன, ஒன்றைச் செய்து பார்த்துவிட்டு வா, அவ்வளவுதான் முறை.

இரண்டு விதமாக அளந்தார்கள். ஒன்று, நான் சொன்ன அந்த 25 கேள்வித் தாள். இன்னொன்று, பிள்ளையே தன் வார்த்தையில் தன் முக்கியமான பிரச்சினைகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எவ்வளவு வருத்துகிறது என்று 0 முதல் 10 வரை எண் போடுவது. ஆறு வாரத்தில் முதல் தாளில் இரண்டு குழுவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பிள்ளைகள் தாங்களே போட்ட எண்ணில் வித்தியாசம் தெரிந்தது. ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தபோது இரண்டிலுமே பேசிய குழு முன்னால் இருந்தது. பிள்ளை சொன்ன பிரச்சினை முதலில் இறங்கியிருக்கிறது, தலைவலி, அழுகை மாதிரியானவை பின்னாலேயே குறைந்திருக்கின்றன என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

யார் பேசுகிறார்கள் என்பதும் சின்ன விஷயமில்லை. பீகாரில் நாலந்தா மாவட்டத்தில் 70-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் மனநலமும் பள்ளிச் சூழலும் மேம்பட ஒரு திட்டத்தைச் சோதித்தார்கள். சில பள்ளிகளில் அதை நடத்தியவர் பயிற்சி பெற்ற வெளியாள், சில பள்ளிகளில் அதே பள்ளி ஆசிரியர். வெளியாள் நடத்திய இடங்களில் மனச்சோர்வும் சக மாணவர் தொல்லையும் நன்றாகக் குறைந்தன. ஆசிரியர் நடத்திய இடங்களில் பலனே இல்லை. 2018-இல் இந்த முடிவைப் படித்தபோது எனக்கு அந்தப் பையனின் "ஹெச்.எம். பார்ப்பாரா" தான் காதில் கேட்டது. ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. மார்க் போடுகிறவரிடம் மனசைத் திறப்பது பிள்ளைகளுக்குக் கஷ்டம்.

எல்லா முயற்சியும் பலிப்பதில்லை என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு வகுப்பிலேயே மனக்கவனப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னெஸ்) கொடுத்துப் பார்த்தார்கள். 2022-இல் வந்த முடிவு: வழக்கமான பாடத்தைவிட அதிகப் பலன் இல்லை. ஆஸ்திரேலியாவில் ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளோடு செய்த இன்னொரு வகுப்பறைப் பயிற்சியில், பயிற்சி பெற்ற பிள்ளைகள் சில விஷயங்களில் பெறாதவர்களைவிட மோசமாக இருந்தார்கள். இந்த முடிவுகளை மறைக்காமல் வெளியிட்டவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. மொத்த வகுப்புக்கும் ஒரே பயிற்சி என்பதைவிட, கஷ்டத்தில் இருக்கும் பிள்ளையைத் தனியாகப் பார்ப்பதில்தான் எனக்கு நம்பிக்கை.

உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். கூட்டிப் போங்கள், தள்ளிப் போடாதீர்கள். சாக வேண்டும் என்ற பேச்சு ஒரு தடவை வந்திருந்தால்கூட மனநல மருத்துவரிடம் உடனே போங்கள். இரவில் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். அப்படி இல்லையென்றால், கவுன்சலரை முதல் நாளே இரண்டு விஷயம் கேளுங்கள். எத்தனை சந்திப்பு, எதை வைத்து முன்னேற்றத்தைப் பார்ப்பீர்கள்? அவளுடைய பெரிய பிரச்சினைகள் மூன்றை அவள் வார்த்தையிலேயே எழுதி எண் போட்டு வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் அதே மூன்றுக்கு மறுபடி எண். ஐந்தாறு சந்திப்புக்குப் பிறகும் எதுவும் இறங்கவில்லை என்றால் முறையை மாற்றச் சொல்லலாம், ஆளையும் மாற்றலாம், மருந்து வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

அந்தத் தாளை மட்டும் நீங்கள் வாங்கிப் பார்க்காதீர்கள். பார்க்க மாட்டேன் என்று அவளிடமே சொல்லிவிட்டு அனுப்புங்கள்.