பழைய கிரெகோ கிட்டார் கரகரக்கிறது, பாகங்களை மாற்றிவிடலாமா?

கேள்வி: டோக்கியோவில் பணிபுரியும் நான், ஒச்சனோமிசுவில் ஒரு கடையில் கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் மாதிரியின் வடிவிலுள்ள பழைய கிரெகோ எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கினேன். வரிசை எண் ‘சி78’ என்று தொடங்குகிறது. வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரக்கிறது; மூன்றாம் தந்தி சுருதியில் நிற்பதில்லை. மின்பாகங்களையும் முறுக்காணிகளையும் புதிதாக மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு எதையும் கழற்ற வேண்டாம். எண்ணின் முதலெழுத்து மாதத்தையும் அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டையும் குறிப்பதால், உங்கள் கிட்டார் 1978 மார்ச்சில் செய்யப்பட்டது. கிரெகோ என்பது காண்டா ஷோகாய் நிறுவனத்தின் வணிகப் பெயர். அக்காலத்தில் அதற்குக் கிட்டார் செய்து கொடுத்த முதன்மையான தொழிற்சாலை, மட்சுமோட்டோ நகரின் ஃபுஜிகென். அங்கே பொருத்தப்பட்ட பாகங்கள் இன்றும் உள்ளே இருக்குமானால், அவற்றைக் காப்பாற்றுவதே உங்கள் முதல் வேலை.

கரகரப்புக்குப் பெரும்பாலும் காரணம், பாட் எனப்படும் மாறுமின்தடைக்குள் பல ஆண்டுகளாகப் படிந்த அழுக்குதான். மின் தொடர்புகளைத் துப்புரவாக்குவதற்கென்றே விற்கப்படும் ஸ்பிரேயைப் பின்பக்க மூடியைத் திறந்து பாட்டின் துளை வழியே சிறிதளவு அடித்து, குமிழை இருபது முப்பது முறை முழுவதுமாகத் திருப்புங்கள். சாதாரண எண்ணெய் ஸ்பிரேயைப் பயன்படுத்தக் கூடாது. அதற்குப் பிறகும் ஒலி விட்டுவிட்டு வந்தால் மட்டுமே பாட்டை மாற்றலாம். அப்போதும் மெட்ரிக் அளவுள்ளதையே கேட்டு வாங்குங்கள். அமெரிக்க அளவுப் பாட்டின் கழுத்து பருமனானது என்பதால் உடலிலுள்ள துளையை அகலப்படுத்த நேரும்; அதன் தண்டில் உள்ள பற்களின் எண்ணிக்கையும் வேறு என்பதால் பழைய குமிழ்கள் அதில் பொருந்தா. இப்படித் துளை பெருக்கப்பட்ட கிட்டாரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது, ஏனெனில் அந்த மரத்தை மறுபடி பழையபடி ஆக்க முடியாது.

மூன்றாம் தந்திக்கு முறுக்காணியைக் குறை சொல்வதற்கு முன், கழுத்தின் மேல்முனையில் தந்திகள் பள்ளங்களில் தங்கிச் செல்லும் சிறு துண்டான நட்டைப் பாருங்கள். இவ்வகைக் கிட்டாரில் தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருப்பதோடு, நடுத் தந்திகள் இரண்டும் நட்டைக் கடந்ததும் பக்கவாட்டில் விலகிச் செல்வதால், அவை பள்ளத்தில் சிக்கிக்கொள்கின்றன. முறுக்கும்போது ‘டிக்’ என்று ஒலி கேட்டால் சிக்கல் அங்கேதான். தந்தியைத் தளர்த்திப் பள்ளத்தில் மென்மையான பென்சிலைத் தேய்த்தால், பல வேளைகளில் அதுவே போதும். போதாவிட்டால் பள்ளத்தை அரம் கொண்டு சீராக்கும் வேலையைக் கைத்தேர்ந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

வாசிப்பதற்கு, மிக மெல்லிய முதல் தந்தி 0.010 அங்குலமாக உள்ள தந்தித் தொகுப்பு பொருத்தமானது. டோக்கியோவின் ஈரக் கோடையிலும் வறண்ட குளிர்காலத்திலும் கழுத்தின் வளைவு மாறக்கூடும் என்பதால், கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகளில் முதலாவதிலும் கடைசியிலும் ஆறாம் தந்தியை ஒருசேர அழுத்தி, ஏழாம் ஃபிரெட்டுக்கும் அந்தத் தந்திக்கும் இடையே ஏறத்தாழ 0.2 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று பருவந்தோறும் பாருங்கள். திருத்த வேண்டியிருந்தால் கழுத்தின் உள்ளே வளைவைக் கட்டுப்படுத்தும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராடை ஒரு நாளில் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். திருகு அசைய மறுத்தால் பலத்தைக் காட்டாமல் பழுதுபார்ப்பவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.