அரசு வேலை என்று போன் வந்தால் என்ன பேசுவது?

வணக்கம் ஐயா. உங்கள் கடிதம் படித்தேன். மகள் குரூப் 4 எழுதி, தரவரிசையும் வந்து, சான்றிதழ்களைப் பதிவேற்றிவிட்டுக் காத்திருக்கிறாள். இன்னொரு பக்கம், அரசு சுகாதாரத் திட்டங்களுக்கு ஆள் எடுக்கும் மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் ஒப்பந்தப் பணிக்கும் விண்ணப்பித்திருக்கிறாள். "தெரியாத நம்பரில் போன் அடித்தாலே வீட்டில் எல்லாரும் எழுந்து நிற்கிறோம். எடுத்தவுடன் என்ன கேட்பார்கள், இவள் தடுமாறினால் வேலை போய்விடுமா" என்று கேட்டிருந்தீர்கள்.

போகாது. குரூப் 4 பணிக்கு "உங்களுக்கு வேலை கிடைத்துவிட்டது, சம்மதமா?" என்று தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்திலிருந்து (டிஎன்பிஎஸ்சி) யாரும் போன் செய்து கேட்பதில்லை. தனியார் நிறுவனங்களில் எச்ஆர் கூப்பிட்டுச் சம்பளம் பேசுவதைப் பற்றி யூடியூபில் நிறைய வீடியோக்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் பயப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே பேரம் பேச எதுவும் இல்லை. இளநிலை உதவியாளருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் ஊதிய நிலை 8, தொடக்க அடிப்படை ஊதியம் 19,500 ரூபாய். அதற்கு மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி. நன்றாகப் பேசினால் கூடப்போவதும் இல்லை, திக்கினால் குறையப்போவதும் இல்லை.

தேர்வாணையம் சொல்ல வேண்டியதை இணையதளத்தில் போடும். எஸ்எம்எஸ்ஸும் மின்னஞ்சலும் அனுப்பும். துறையையும் இடத்தையும் தேர்ந்தெடுக்கும் கலந்தாய்வுக்குத் தனியாகத் தபால் வராது என்று அறிவிப்பிலேயே இருக்கும். குறித்த நாளில் போகாவிட்டால் மறுவாய்ப்பு இல்லை என்றும் இருக்கும். ஆகவே போனில் எப்படிப் பேசுவது என்பதைவிட, அந்த எஸ்எம்எஸ்ஸும் மின்னஞ்சலும் உங்கள் மகள் கைக்கு வந்து சேருமா என்பதுதான் எனக்கு முதல் கவலை.

ஏன் என்றால், ஊர்ப்பக்கம் பலர் தேர்வாணைய இணையதளத்தில் விண்ணப்பதாரர் கணக்கு தொடங்கும் ஒருமுறைப் பதிவை பிரவுசிங் சென்டரில்தான் செய்கிறார்கள். அங்கே இருக்கிற பையன் அவசரத்துக்குத் தானே ஒரு மின்னஞ்சலை உருவாக்கிப் போட்டுவிடுவான். பாஸ்வேர்டு அவனுக்கும் மறந்துபோயிருக்கும், உங்கள் பிள்ளைக்கும் தெரியாது. இல்லையென்றால் அண்ணனின் மின்னஞ்சல், மாமாவின் மொபைல் நம்பர். இன்றைக்கே மகளை உட்கார வைத்து ஒருமுறைப் பதிவுக்குள் நுழைந்து பார்க்கச் சொல்லுங்கள். எந்த நம்பர், எந்த மின்னஞ்சல் இருக்கிறது? அந்த மின்னஞ்சலைத் திறக்க முடிகிறதா? குப்பை அஞ்சல் பகுதியில் ஏதாவது கிடக்கிறதா? அந்த சிம் எந்த போனில் இருக்கிறது, ரீசார்ஜ் எப்போது முடிகிறது? ரீசார்ஜ் போடாமல் விட்டால் முதலில் நிற்பது வெளியே போகும் அழைப்பு, அப்புறம் உள்ளே வருவதும் நின்றுவிடும். 90 நாட்களுக்கு மேல் பயன்படுத்தாமல் கிடக்கும் நம்பரை நிறுவனம் துண்டித்துவிடலாம், பிறகு வேறு ஒருவருக்கே கொடுத்தும் விடலாம். பழைய நம்பரை நம்பி உட்கார்ந்திருந்து கலந்தாய்வைக் கோட்டை விட்டவர்கள் இருக்கிறார்கள். எஸ்எம்எஸ் வந்தாலும் வராவிட்டாலும், தினம் ஒரு தடவை இணையதளத்தை அவளே பார்க்கட்டும்.

சரி, அப்படியென்றால் போனே வராதா? வரும். ஆனால் அது துறையிலிருந்து, அதுவும் கலந்தாய்வெல்லாம் முடிந்த பிறகு. கலந்தாய்வில் ஒரு துறையைத் தேர்ந்தெடுத்ததும் ஒதுக்கீட்டு ஆணை கிடைக்கும். பெயர்ப் பட்டியல் அந்தத் துறைக்குப் போகும். அங்கே நியமன அலுவலர் ஆணை போட வேண்டும். இதற்கு வாரங்கள் ஆகலாம், சில துறைகளில் மாதங்களும் ஆகும். அந்த இடைவெளியில்தான் பணியாளர் விவகாரங்களைப் பார்க்கும் எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்ஷன் கிளார்க் ஒருவர் கூப்பிடுவார்: ஒரு சான்றிதழ் நகல் தெளிவாக இல்லை, கொண்டு வாருங்கள், ஆர்டர் ரெடி, வந்து வாங்கிக்கொள்ளுங்கள், அமைச்சர் நியமன ஆணை வழங்கும் விழா இருக்கிறது, காலையில் வந்துவிடுங்கள். கடைசியாகச் சொன்னதற்கு முதல் நாள் சாயங்காலம்கூடக் கூப்பிடுவார்கள்.

இந்த அழைப்பு பெரும்பாலும் அந்தக் கிளார்க்கின் சொந்த மொபைலிலிருந்துதான் வரும். எனவே மொபைல் நம்பரில் வருவது எல்லாமே மோசடி என்று வெடுக்கென்று வைத்துவிட வேண்டாம். ட்ரூகாலரில் அலுவலகத்தின் பெயர் வருவதை வைத்து உண்மை என்றும் நம்பிவிட வேண்டாம். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். நிஜமா பொய்யா என்பது அவர் என்ன கேட்கிறார் என்பதில் தெரிந்துவிடும்.

மகள் பேச வேண்டியது இவ்வளவுதான்:

"வணக்கம் சார், நான்தான் பேசுறேன். எந்த ஆபீஸ், எந்த செக்ஷன்லருந்து பேசுறீங்க சார்? ஆர்டரோட ந.க. எண்ணும் தேதியும் சொன்னீங்கன்னா எழுதிக்கிறேன். சேர்றதுக்குக் கடைசி நாள் என்ன போட்டிருக்கு சார்? வரும்போது என்னென்ன கொண்டு வரணும்?"

ந.க. என்றால் நடப்புக் கணக்கு, அதாவது அந்தக் கோப்பின் எண். அதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். அரசு அலுவலகத்திலிருந்து வெளியே வரும் கடிதத்துக்கு இப்படி ஒரு எண் உண்டு. நியமன ஆணையைக் கையில் வாங்கிப் பார்த்தால் மேலே இன்னாரின் 'செயல்முறைகள்' என்று இருக்கும். கீழே 'முன்னிலை', ந.க. எண், நாள், 'பொருள்', அப்புறம் 'பார்வை'. அந்தப் பார்வையில் தேர்வாணையத்தின் கடிதம் எந்த எண், எந்த நாள் என்று குறிப்பிட்டிருப்பார்கள். உண்மையான கிளார்க்கிடம் கேட்டால் கோப்பைப் புரட்டிச் சொல்லிவிடுவார், அல்லது "இன்னும் நம்பர் போடலைம்மா, நேரில் வா" என்பார். மோசடிக்காரன் இந்தக் கேள்வியில் குரலை உயர்த்துவான், அல்லது பேச்சை மாற்றுவான்.

பேச்சு முடிந்ததும், இணையதளத்தில் உள்ள அந்த அலுவலகத்தின் லேண்ட்லைன் எண்ணுக்குத் திருப்பி அழைத்து ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும். பக்கத்து ஊர் அலுவலகம் என்றால் நேரில் போய்விடுவது இன்னும் நல்லது.

இனி மோசடி அழைப்பு. இதில் உங்களை ஏமாற்றுவது அவர்கள் கையில் இருக்கும் விவரம். "உங்க பொண்ணு ரேங்க் இவ்வளவு, கம்யூனல் ரேங்க் இவ்வளவு, டைப்பிங் ஹையர் முடிச்சிருக்காங்க, சரியா?" என்று ஆரம்பிப்பார்கள். உள்ளே இருக்கும் ஆளாக இல்லாவிட்டால் எப்படித் தெரியும் என்று தோன்றும். முடிவு வந்த அன்றைக்கு டெலிகிராம் குழுக்களைப் பாருங்கள். பிள்ளைகள் தாங்களாகவே மதிப்பெண், ரேங்க், வகுப்பு, தமிழ்வழிச் சான்று உண்டா என்பது வரை எழுதி "கிடைக்குமா நண்பர்களே" என்று கேட்டிருப்பார்கள். போன் நம்பரும் அங்கேயே தெரியும். உங்கள் மகளும் போட்டிருந்தால் இன்றே அழித்துவிடச் சொல்லுங்கள்.

அடுத்து வருவது, "லிஸ்ட்ல பார்டர்ல இருக்கீங்க, சொந்த மாவட்டத்துல போஸ்டிங் வாங்கித் தர்றேன்" என்ற பேச்சு. அதற்கு முன்பணம், மீதி ஆர்டர் வந்த பிறகு. இடைத்தரகர்களை நம்ப வேண்டாம் என்று தேர்வாணையம் ஒவ்வொரு அறிவிக்கையிலும் அச்சடித்துத் தருகிறது, யாரும் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை. 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்களில் பலர் முறைகேட்டில் சிக்கினார்கள். 99 பேருக்கு வாழ்நாள் தடை. வழக்கு சிபிசிஐடி வரை போனது. பணமும் போய், இனி தேர்வாணையத்தின் எந்தத் தேர்வும் எழுத முடியாத நிலை. மகளுக்குத் தெரியாமல் நாம் ஏற்பாடு செய்துவிடலாம் என்று ஒரு தகப்பன் நினைத்தாலும் தண்டனை மகளுக்குத்தான்.

அஞ்சல் துறையின் கிராமின் டாக் சேவக் பணிக்கும் விண்ணப்பிப்பவர்கள் நிறைய. அதன் அறிவிக்கையில், துறை விண்ணப்பதாரர்களுக்கு போன் செய்வதில்லை என்று நேரடியாகவே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பணியின் பெயரைச் சொல்லி வரும் அழைப்பை அப்படியே வைத்துவிடலாம். ஒருவேளை பதற்றத்தில் யாருக்காவது பணம் அனுப்பிவிட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் மறைத்து வைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுவதற்குள் முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு.

ஒப்பந்தப் பணி விஷயம் வேறு. அங்கே நிஜமாகவே போன் வரும், "நாளைக்கே வந்து சேர முடியுமா" என்றும் கேட்பார்கள். முதலில் தேர்வானவர் வராமல் போனால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள், அதனால்தான் அந்த அவசரம். இங்கேதான் மகள் கொஞ்சம் தயாராக இருக்க வேண்டும். தொகுப்பூதியம் எவ்வளவு, அதில் பிடித்தம் போகக் கையில் எவ்வளவு வரும்? சம்பளம் தருவது சங்கமா, நடுவில் அவுட்சோர்சிங் ஏஜென்சி ஏதாவது இருக்கிறதா? எத்தனை மாதத்துக்கு ஒப்பந்தம்? எந்த ஆரம்ப சுகாதார நிலையம், அங்கே காலையில் போய்ச் சேர பஸ் இருக்கிறதா? இவற்றைக் கேட்டுவிட்டு, "வீட்டில் பேசிட்டு இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்றேன் சார்" என்று நேரம் கேட்கலாம். பெரும்பாலும் கொடுப்பார்கள். "டெபாசிட் கட்டுங்கள்" என்று ஏஜென்சி கேட்டால் அந்த வேலை வேண்டாம்.

சேரும்போது ஒரு ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள்: இது முற்றிலும் தற்காலிகமானது, எந்தக் காலத்திலும் பணி நிரந்தரம் கோரமாட்டேன் என்று. அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். 'உள்ளே நுழைந்துவிட்டால் எப்படியும் நிரந்தரமாகிவிடும்' என்று டீக்கடையில் சொல்வதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அனுபவத்துக்கும் கைச்செலவுக்கும் என்றால் சேரலாம், என் அபிப்பிராயம் அதுதான். சேர்ந்தால் அந்த அலுவலகத்திலேயே தடையின்மைச் சான்று ஒன்று கேட்டு வாங்கி வைக்கட்டும். தற்காலிகப் பணியில் இருப்பவர்களிடமும் தேர்வாணையம் அதைக் கேட்கும் வழக்கம் உண்டு.

இப்போது பார்க்கும் தனியார் வேலையை விடச் சொல்லலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். போனைக் கேட்டு விட வேண்டாம், ஒதுக்கீட்டு ஆணையைப் பார்த்தும் விட வேண்டாம். நியமன ஆணை கைக்கு வந்த பிறகு ராஜினாமா கொடுத்தால் போதும். நோட்டீஸ் காலம் ஒரு மாதம், ஆணையில் சேர வேண்டிய நாள் அதற்கு முன்னால் வருகிறது என்றால், கால நீட்டிப்பு கேட்டு நியமன அலுவலருக்கு எழுத்தில் மனு கொடுக்க வேண்டும். "கிளார்க் போனில் பரவாயில்லை என்றார்" என்பது பிறகு எங்கும் செல்லாது. அதற்குள் அரசு மருத்துவரிடம் உடற்தகுதிச் சான்று வாங்குவது போன்ற வேலைகளையும் முடித்துக்கொள்ளலாம்.

போனை நினைத்து இத்தனை கவலைப்படும் நீங்கள் கலந்தாய்வைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. குரூப் 4-க்கு நேர்முகத் தேர்வு கிடையாது. சம்மதமா என்று உங்கள் மகளை உண்மையில் கேட்கும் இடம் சென்னை பிராட்வேயில் உள்ள தேர்வாணைய அலுவலகம்தான். அவள் முறை வரும்போது எந்தத் துறையில், எங்கே இடம் மிச்சம் இருக்கிறது என்று திரையில் தெரியும். சில நிமிடங்களில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொன்னதை அப்புறம் மாற்ற முடியாது. அழைக்கப்பட்ட எல்லாருக்கும் இடம் உண்டு என்ற உறுதியும் கிடையாது. காலி இடங்களைவிட அதிகம் பேரைத்தான் கூப்பிடுவார்கள். நீங்கள் வெளியே நிற்பீர்கள், உங்களுக்கு போன் செய்து கேட்க அவளுக்கு நேரம் இருக்காது.

அதற்கான பேச்சை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். வருவாய்த் துறை வேண்டுமா, வணிகவரியா, பள்ளிக்கல்வியா? சொந்த மாவட்டம் முக்கியமா, பதவி உயர்வு சீக்கிரம் வரும் துறை முக்கியமா? கிராம நிர்வாக அலுவலர் என்றால் அந்தக் கிராமத்திலேயே தங்க வேண்டும், நேரம் காலம் பார்க்க முடியாது. அதற்கு அவள் தயாரா, அல்லது ஊரில் மரியாதை என்பதற்காக நீங்கள் ஆசைப்படுகிறீர்களா? கலந்தாய்வு நடக்கும் நாட்களில் அன்றன்றைக்கு மிச்சமுள்ள இடங்களின் விவரத்தை இணையதளத்தில் போடுவது வழக்கம். அதைப் பார்த்துப் பார்த்து அவளுடைய பட்டியலை அடித்துத் திருத்திக்கொண்டே வரலாம். ஒரு தாளில் பத்துப் பதினைந்து விருப்பங்களை வரிசையாக அவளே எழுதட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஏன், எதற்கு என்று கேளுங்கள். பேனாவை மட்டும் அவளிடமிருந்து வாங்கிவிடாதீர்கள்.