ஆழமில்லாக் கடலில் நைட்ரஜனும் நுண்பாசியும்: கேள்வி பதில்

பாக் நீரிணை, மன்னார் வளைகுடா, கழிமுகங்கள், உப்பங்கழிகள் பற்றிய கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். கேட்கும் முன் ஒன்று: எண் தந்தால் அலகும் தாருங்கள். மைக்ரோமோலா (மூலக்கூறு எண்ணிக்கைக் கணக்கு) மில்லிகிராமா (எடைக் கணக்கு), நைட்ரேட்டாகக் கணக்கிட்டதா அதிலுள்ள நைட்ரஜனாகக் கணக்கிட்டதா என்று சொல்லாத எண்ணை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது.

பாம்பன்வாசி: சார், 2019 செப்டம்பர்ல மண்டபம் பக்கம் கடலே பச்சையாயி மீன் செத்து ஒதுங்குச்சு. பூங்கோரைன்னு சொன்னாங்க. அது விஷமா?

நாக்டிலூக்கா சின்டிலன்ஸ். ஒரே செல்தான், ஆனால் அரை மில்லிமீட்டர், சில சமயம் அதற்கு மேலும் இருக்கும். கண்ணாடிக் குவளையில் அள்ளினால் உருண்டை உருண்டையாகக் கண்ணுக்கே தெரியும். நம் பக்கம் வருவது பச்சை வகை. நிறம் அதன் சொந்த நிறமல்ல, உள்ளே குடியிருக்கும் நுண்பாசியுடையது. பாசி ஒளியில் சமைத்துத் தருகிறது. நாக்டிலூக்கா போதாக்குறைக்கு டயட்டம்களையும் (சிலிக்கா ஓடுள்ள நுண்பாசிகள்) மீன் முட்டைகளையும்கூட விழுங்குகிறது.

விஷம் சுரப்பதாக நிறுவப்படவில்லை. மீனைக் கொல்பவை இரண்டு. ஒன்று அம்மோனியா: செல்லுக்குள் நிறைய அம்மோனியத்தைச் சேர்த்து வைத்துத்தான் அது மிதக்கிறது. சாகும்போது அத்தனையும் நீரில் கொட்டும். 28 டிகிரியில், பி.ஹெச் 8.1 உள்ள கடல்நீரில் மொத்த அம்மோனியத்தில் நூற்றுக்கு ஆறு அளவே நச்சான அம்மோனியா வடிவம். ஒளிச்சேர்க்கை மும்முரமாகி பி.ஹெச் 9-ஐத் தொட்டால் அதுவே மூன்றில் ஒரு பங்கு.

இரண்டாவது ஆக்சிஜன், பெரும்பாலும் இதுதான் முதல் குற்றவாளி. ரெட்ஃபீல்டு விகிதப்படி (கடல் பாசியில் சராசரியாக 16 மோல் நைட்ரஜனுக்கு 1 மோல் பாஸ்பரஸ்) 16 மோல் நைட்ரஜனில் வளர்ந்த பாசி முழுதும் அழுகி நைட்ரேட் வரை போக 138 மோல் ஆக்சிஜன் வேண்டும். லிட்டருக்கு 10 மைக்ரோமோல் நைட்ரஜனைக் கட்டிய பாசி அழுகினால் 86 மைக்ரோமோல், அதாவது லிட்டருக்கு 2.8 மில்லிகிராம் ஆக்சிஜன் காலி. நம் கடல்நீர் 30 டிகிரியில் நிறைவாகப் பிடித்துவைப்பதே ஆறு மில்லிகிராம் சொச்சம். காற்றடித்துப் பாசி ஒரு மூலையில் குவிந்துவிட்டால் கணக்கு பல மடங்காகும். அந்த ஆண்டு மண்டபத்தை ஒட்டிய தீவுகளில் பவளங்கள் செத்ததும் ஆக்சிஜன் இல்லாமல்தான்.

ஆக்சிஜனை அளப்பவர்கள் விடியுமுன் அளக்கவும். காலை பத்து மணிக்குப் படகில் போய் “ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது” என்று எழுதும் அறிக்கைகளுக்கு மதிப்பில்லை.

பெசன்ட் நகர்: அதே வருஷம் ஆகஸ்ட்ல திருவான்மியூர் அலை நீலமா மின்னிச்சே, அதுவும் இதானா?

அதுவும் நாக்டிலூக்காதான். அலை உடையும்போது அசைவு பட்டு ஒளிர்கிறது.

எம்.எஸ்சி. மாணவி, தொண்டி: சார், என் இடம் 3 மீட்டர் ஆழம். நைட்ரேட் லிட்டருக்கு 0.2 மைக்ரோமோல்தான், ஆனா பாசி அளவைக் காட்டுற குளோரோபில் லிட்டருக்கு 8 மைக்ரோகிராம் வருது. நைட்ரஜனே இல்லாம பாசி எப்படி, அளவு தப்புன்னு கைடு சொல்றாங்க.

அலகோடு கேட்டதற்கு நன்றி. அளவு சரியாகவே இருக்கலாம். நைட்ரேட் குறைவாக இருப்பது, வந்ததை வந்தவுடன் பாசி எடுத்துக்கொள்கிறது என்பதற்கும் அடையாளம். நீரில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்திருக்கிறீர்கள். ஒரு நாளில் எவ்வளவு வந்து போகிறது என்பது வேறு கேள்வி. ஆழமில்லாக் கடலில் இரண்டாவதே முக்கியம்.

நைட்ரேட்டை மட்டும் அளந்ததும் ஒரு குறை. பாசி முதலில் தேடுவது அம்மோனியம். அது லிட்டருக்கு ஒரு மைக்ரோமோலைத் தாண்டினாலே பல டயட்டம்கள் நைட்ரேட் எடுப்பதைக் குறைத்துவிடும்.

வரத்து எங்கிருந்து? முதலில் அடிச்சேறு. அங்கே இறந்தவை சிதைந்து அம்மோனியம் உண்டாகிறது. சேற்றின் மேலே சில மில்லிமீட்டரில் மட்டுமே ஆக்சிஜன் இருக்கும். அங்குள்ள பாக்டீரியா அம்மோனியத்தை நைட்ரேட் ஆக்கும். அந்த நைட்ரேட் கீழே இறங்கியதும் ஆக்சிஜன் இல்லாத அடுக்கில் வேறு பாக்டீரியா அதை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றிவிடும். கடலுக்குள் வரும் நைட்ரஜனைக் கழித்துவிடும் முக்கிய இயற்கை வழி இதுதான். நண்டு வளை, புழு வளை இருந்தால் ஆக்சிஜன் ஆழம் வரை போய் இது பெருகும்.

கெடுவதும் இங்கேதான். அடியில் ஆக்சிஜன் தீர்ந்தால் முதல் படி நின்றுபோகிறது. நைட்ரேட் உண்டாகாததால் வாயுவாகும் படியும் நிற்கிறது. அம்மோனியம் முழுதும் மேலே வருகிறது, பாசி இன்னும் பெருகுகிறது, அது விழுந்து அழுக இன்னும் ஆக்சிஜன் போகிறது. இரும்போடு ஒட்டியிருந்த பாஸ்பேட்டும் கூடவே கழன்று வரும்.

சேற்றிலிருந்து அம்மோனியம் எவ்வளவு வருகிறது என்று அளக்க: 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள அக்ரிலிக் குழாயில் 15 முதல் 20 செ.மீ. சேற்றைக் கலையாமல் எடுங்கள். மேலே அதே இடத்து நீர் 20 செ.மீ., காற்றுக்குமிழி கூடாது. மூன்று குழாய் சேற்றோடு, ஒன்று வெறும் நீரோடு. இருட்டில், கடலின் வெப்பநிலையில், சேறு கிளம்பாத அளவுக்கு மெதுவாகக் கலக்கிக்கொண்டு 0, 2, 4, 6 மணியில் 50 மில்லி எடுத்து அதே அளவு வடிகட்டிய நீரைத் திரும்ப விடுங்கள். அதனால் நீர்த்துப்போனதைக் கணக்கில் திருத்தவும். ஆக்சிஜன் கால்வாசி குறையும் முன் நிறுத்துங்கள். அம்மோனியம் லிட்டருக்கு மணிக்கு 0.5 மைக்ரோமோல் ஏறியது, வெறும் நீர்க் குழாயில் ஏற்றமில்லை என்று வையுங்கள்: அதை 0.2 மீட்டராலும் 1000-ஆலும் பெருக்கினால் சதுர மீட்டருக்கு மணிக்கு 100 மைக்ரோமோல். உங்கள் 3 மீட்டர் நீரில் நாளொன்றுக்கு லிட்டருக்கு 0.8 மைக்ரோமோல். இதே சேறு 30 மீட்டர் ஆழத்தில் இருந்தால் 0.08. ஆழம் செய்யும் வேலை இது.

ஒரு மைக்ரோமோல் நைட்ரஜனுக்குச் சுமார் ஒரு மைக்ரோகிராம் குளோரோபில் என்பது தோராயக் கணக்கு. உங்கள் 8 மைக்ரோகிராம் நாளுக்கொரு முறை இரட்டிக்க 8 மைக்ரோமோல் வேண்டும். சேறு தருவது அதில் பத்தில் ஒன்று. மிச்சம் நீருக்குள்ளேயே சுழல்கிறது: நுண்விலங்குகள் பாசியைத் தின்று அம்மோனியமாகக் கழிக்கின்றன, சில மணி நேரத்தில் பாசி திரும்ப எடுக்கிறது. இதைக் கைடிடம் காட்டுங்கள்.

சும்மா ஒரு சந்தேகம்: எங்க ஊர் கடல் தண்ணில நைட்ரேட் 0.3 இருக்காம். ஆபத்தா?

எதில் 0.3? லிட்டருக்கு மில்லிகிராம் நைட்ரேட் என்றால் 4.8 மைக்ரோமோல். மில்லிகிராம் நைட்ரஜன் என்றால் 21. மைக்ரோமோலே என்றால் 0.3. மூன்றும் மூன்று வேறு கடல்கள்.

யாழ் கிணற்றடி: ஐயா, எங்கட கிணத்துத் தண்ணியிலை நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேலை எண்டு சொல்லினம். அது கடலுக்கும் போகுமோ? கரையிலை பாசி கூடிக்கிடக்கு.

போகும். யாழ்ப்பாணத்து நிலத்தடி சுண்ணாம்புப் பாறை; வெடிப்புகள் வழியே நன்னீர் கரையோரத்தில் கடலடியில் ஊறி வெளியேறும். 50 மில்லிகிராம் நைட்ரேட் என்பது 800 மைக்ரோமோல். கரைக் கடல்நீரில் ஒன்றிரண்டு மைக்ரோமோலே இருக்கும் இடத்தில், நூறு பங்கில் ஒரு பங்கு கிணற்று நீர் கலந்தாலே 8 மைக்ரோமோல் ஏறுகிறது. ஆறே இல்லாத கரையில் பாசி பெருகினால் நான் முதலில் இதைத்தான் சந்தேகிப்பேன்.

பார்க்க எளிய வழி: வற்று நேரத்தில் கரையோரம் உப்புத்தன்மை மானியோடு நடங்கள். உப்பு திடீரெனக் குறையும் இடத்தில் மாதிரி எடுங்கள், 50 மீட்டர் தள்ளியும் எடுங்கள். உப்பு குறையக் குறைய நைட்ரேட் நேர்கோட்டில் ஏறினால் நிலத்தடி நீர்தான். குடிப்பதைப் பற்றி: 50 என்பதே உலக சுகாதார அமைப்பின் எல்லை. அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கூடாது. கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, செறிவு கூடும்.

இறால் பண்ணை, வேதாரண்யம்: குட்டைல அம்மோனியா ஏறுது, என்ன மருந்து போடலாம்?

குட்டை மருந்து என் துறை இல்லை. ஒன்று மட்டும்: தீவனத்தைக் குறைத்துவிட்டு, பி.ஹெச்சை மாலை நாலு மணிக்கு அளங்கள். காலை அளவு உங்களை ஏமாற்றும்.

தொண்டி கரைவலை: எதுக்கு சுத்தி வளைக்கணும்? டெல்டா வயல்ல கொட்டுற யூரியாதான் கடல்ல வந்து பாசியாகுது. அதைச் சொல்லுங்க.

திருத்துறைப்பூண்டி விவசாயி: ஊர்க் கழிவு மொத்தமும் வாய்க்கால்ல போகுது, அதைக் கேக்க ஆளில்ல. விவசாயி மட்டும் இளிச்சவாயனா?

இரண்டு பேரும் பாதி சரி. பாசி எந்த ஊர் அம்மோனியம் என்று பார்ப்பதில்லை.

வயலிலிருந்து தொடங்குவோம். தண்ணீர் கட்டிய நெல்வயலும் ஆழமில்லாத நீர்நிலைதான். மேலே ஆக்சிஜனுள்ள மெல்லிய அடுக்கு, கீழே ஆக்சிஜன் இல்லாத சேறு. மேலே தூவிய யூரியா சில நாளில் அம்மோனியமாகி, ஒரு பகுதி காற்றில் ஆவியாகப் போகும், ஒரு பகுதி நைட்ரேட்டாகிக் கீழிறங்கி வாயுவாகும். பயிருக்குக் கிடைப்பது வழக்கமாக நூற்றுக்கு 30, 40. மீதி முழுதும் கடலுக்கு என்று கணக்குப் போடுவது தவறு. தூவிய இரண்டு மூன்று நாளில் கனமழை அடித்து வடித்துவிட்டால்தான் வாய்க்காலில் அதிகம் போகும்.

இனி ஊர். ஆளுக்கு நாளைக்கு 60 கிராம் புரதம் என்றால் அதில் நைட்ரஜன் 9.6 கிராம், வளர்ந்தவர் உடம்பில் அது தங்குவதில்லை. பத்தாயிரம் பேர் ஊருக்கு நாளுக்கு 96 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டைக் கணக்கில் தினமும் நாலரை மூட்டைக்கு மேல், வருஷம் முழுக்க. ஏக்கருக்கு 60 கிலோ நைட்ரஜன் போட்டு, பத்தில் ஒன்று வடிகாலில் போகிறது என்று வைத்தால் ஒரு போகத்தில் 6 கிலோ. அந்த ஊரின் ஓராண்டுக் கழிவு, கிட்டத்தட்ட 5,800 ஏக்கர் வடிகாலுக்குச் சமம். கழிவு அத்தனையும் கடல் சேராது என்பதும் உண்மை.

தொண்டி கரைவலை: அப்ப யூரியா வர்றதுக்கு முன்னாடி பாசி இருந்துச்சான்னு சொல்லுங்க பாப்போம்.

இருந்தது. மலபார்க் கரையில் நுண்ணுயிர் பெருகி மீன் செத்ததை மீன்வள ஆய்வாளர் ஜேம்ஸ் ஹார்னெல் 1917-இலேயே எழுதியிருக்கிறார். தென்மேற்குப் பருவத்தில் அடிநீர் மேலெழும்போது நைட்ரேட் தானாகவே வரும். டிரைகோடெஸ்மியம் என்ற நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்து கரைந்த நைட்ரஜனையே பிடித்து வளர்கிறது; மாசி, பங்குனி அமைதிக் கடலில் மரத்தூள் மாதிரி மிதப்பது அதுதான்.

திருத்துறைப்பூண்டி விவசாயி: பாத்தீங்களா, நம்ம மேல தப்பில்ல.

அப்படி நான் சொல்லவில்லை. மண்டபத்துப் பெருக்கம் செப்டம்பரில் வந்தது. டெல்டா வடிகால் பெருகுவது வடகிழக்குப் பருவத்தில். எனவே அதற்கு நேரடிக் காரணமாக உங்கள் வயலைக் காட்ட முடியாது, அவ்வளவே. மழைக்காலத்தில் வாய்க்கால் வாயில் பாக் நீரிணையில் விழுவது சேற்றில் தங்கி மாதக்கணக்கில் சுழலும்.

யாருடையது என்று பிரிக்க நைட்ரஜன்-15 ஐசோடோப் (சற்றுக் கனமான நைட்ரஜன் அணு) உண்டு. காற்றிலுள்ள நைட்ரஜனோடு ஒப்பிட்டால் ரசாயன உரம் ஆயிரத்துக்கு −4 முதல் +4 வரை, சாக்கடையும் சாணமும் +10 முதல் +20. ஆனால் வழியில் நைட்ரேட் வாயுவாகியிருந்தால் மிச்சத்தின் மதிப்பு தானாகவே ஏறிவிடும். உரமும் சாக்கடை போலக் காட்டும். நைட்ரேட்டின் ஆக்சிஜன்-18-ஐயும் சேர்த்து அளக்காமல் யாரும் யார்மீதும் கை நீட்ட வேண்டாம். இந்த விவாதம் இத்தோடு போதும்.

கடலூர் குமார்: சார் கடல் ஏன் பச்சையாகுது?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஆய்வாளர், பரங்கிப்பேட்டை: நைட்ரஜன் பாஸ்பரஸ் விகிதம் 7 வருது. 16-க்குக் கீழே, அதனால நைட்ரஜன் பற்றாக்குறைன்னு எழுதலாமா?

நீரில் மிஞ்சியிருக்கும் சத்துகளின் விகிதத்தை வைத்து எழுதக் கூடாது. பாசியிடமே கேளுங்கள். 200 மைக்ரான் வலையில் பெரிய விலங்குகளை வடித்த நீரை 2 லிட்டர் பாட்டில்களில் எடுத்து, வெறுமனே, நைட்ரஜன் 10 மைக்ரோமோல், பாஸ்பேட் 0.6, இரண்டும், இரண்டோடு சிலிகேட் 10 என ஐந்து வகை, வகைக்கு மூன்று பாட்டில். கடல் வெப்பத்தில், பாதி வெயில் மறைத்து 48 மணி. எதில் குளோரோபில் ஏறுகிறதோ அதுதான் பற்றாக்குறை. வெறும் பாட்டில் உட்பட எல்லாவற்றிலும் ஒரே அளவு ஏறினால் கடலில் குறைந்தது வெளிச்சம். செக்கி தட்டு (நீரின் தெளிவைப் பார்க்க இறக்கும் தட்டு) ஒரு மீட்டரில் மறைந்தால் ஒளி மங்கும் கெழு மீட்டருக்குச் சுமார் 1.7; நூற்றில் ஒரு பங்கு வெளிச்சம் எட்டும் ஆழம் 4.6-ஐ (நூறின் இயல் மடக்கை) 1.7-ஆல் வகுத்து 2.7 மீட்டர். கலங்கிய கழிமுகத்தில் உரத்தை அளந்துகொண்டிருப்பது வீண்.

ஆய்வக உதவியாளர்: நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கும் காட்மியம் குழாயில் (column) நைட்ரேட் குறைவாக வருகிறது, இளஞ்சிவப்பே வரவில்லை.

ஒரே செறிவில் நைட்ரைட், நைட்ரேட் இரண்டு நியமக் கரைசலையும் ஓட்டி, 543 நானோமீட்டரில் ஒப்பிடுங்கள். நைட்ரேட்டின் நிறம் நைட்ரைட்டினுடையதில் 95 சதவீதத்துக்குக் கீழே போனால் செம்பு பூச்சைப் புதுப்பிக்கவும். மாதிரி கெடாமலிருக்கப் பாதரசக் குளோரைடு போட்டிருந்தால் குழாய் கெட்டிருக்கும். காட்மியத்தைக் கையுறையோடு தொடுங்கள், கழிவைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். அம்மோனியம் அளக்கும் அறையில் புகைபிடிப்பவர், தரை கழுவும் திரவம் இரண்டும் கூடாது.

சிதம்பரம்: பாசி ஆக்சிஜன் தருதே, மீன் ஏன் சாகுது?

ராத்திரி தராது.

எம்.எஸ்சி. மாணவி, தொண்டி: சார், கடைசியா: நைட்ரேட் பாட்டிலை முழுசா நிரப்பி ஃப்ரீசர்ல வச்சேன், மூடி பிளந்து வழிஞ்சிருக்கு. மிச்சத்தை அளக்கலாமா?

வேண்டாம். உறையும்போது பனி முதலில் கட்டி, உப்பும் சத்தும் செறிந்த நீர் வெளியே தள்ளப்படும், வழிந்தது அதுதான். முக்கால் மட்டும் நிரப்பி, நிமிர்த்தி வைத்து, −20-இல் உறைய விடுங்கள். அளக்கும் முன் முழுதும் உருகவிட்டுக் குலுக்குங்கள். அம்மோனியத்தை மட்டும் ஃப்ரீசருக்கு விடாமல் அன்றைக்கே முடித்துவிடுங்கள்.