ஜவ்வரிசியும் ஆர்.என்.ஏ-வும் – கடிதம்

அன்புள்ள சார்,

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் கணக்கு பார்க்கிறேன். என் அக்காவுக்கு 41 வயது. இடது மார்பில் கட்டி. சேலத்தில் 21 நாளுக்கு ஒருமுறை கீமோ ஏற்றுகிறோம். இரண்டு முடிந்துவிட்டது, மூன்றாவது அடுத்த வாரம். அன்று சாயங்காலமே பஸ் பிடித்து மேலே வந்துவிடுவோம். ஒவ்வொரு வளைவிலும் அக்காவுக்கு வாந்தி.

இப்போது அக்காவின் கொழுந்தனார் வாட்ஸப்பில் வந்த வீடியோ ஒன்றைக் காட்டி, "ரஷ்யாவில் புற்றுநோய்க்கு ஆர்.என்.ஏ தடுப்பூசி வந்துவிட்டது, இலவசமாம். நானோ துகளில் வைத்து நேரே கட்டிக்குள் போகுமாம். இந்த விஷத்தை எதற்கு ஏற்றுகிறீர்கள், ஆறு மாதம் பொறுங்கள்" என்கிறார். முடி கொட்டியதிலிருந்து அக்காவும் அந்தப் பேச்சையே பிடித்துக்கொண்டிருக்கிறாள். கொரோனாவுக்கு ஒரே வருடத்தில் வந்தது இதற்கு மட்டும் ஏன் வரவில்லை? கம்பெனிகள் மறைக்கின்றனவா? நீங்கள் கல்லூரியில் வேதியியல் எடுத்தவர் என்று படித்ததால் கேட்கிறேன்.

மு., ஏற்காடு (முழுப்பெயர் வேண்டாம் சார்)

அன்புள்ள மு.,

முதலில் அடுத்த வாரத்து கீமோ. மருத்துவரே தேதி மாற்றினால் ஒழிய, தள்ளிப்போடாதீர்கள். நான் மருத்துவன் இல்லை, பாடம் எடுத்து ஓய்வுபெற்றவன். ஆனாலும் இதைத் தயங்காமல் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, கடைசியில் வருகிறேன். கொழுந்தனாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

பல வருடங்களுக்கு முன் மாணவர்களோடு ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ ஆலைக்குப் போயிருந்தேன். ஈர மரவள்ளி மாவைத் துணித் தூளியில் கொட்டி இரண்டு பேர் முன்னும் பின்னும் ஆட்டினார்கள். கையால் யாரும் உருட்டவில்லை. ஆட்ட ஆட்ட மாவே மணிமணியாகத் திரண்டு ஜவ்வரிசியானது. நீங்கள் கேட்கும் நானோ துகளும் ஏறக்குறைய இப்படித்தான் பிறக்கிறது. நான்கு வகைக் கொழுப்புகளை ஆல்கஹாலில் கரைத்துவைப்பார்கள். அவற்றில் ஒன்று, நாம் பயப்படுகிற அதே கொலஸ்ட்ரால். செல்லுக்குக் கட்டளை கொண்டுபோகும் மரபு இழையான ஆர்.என்.ஏ, புளிப்பான நீர்க்கரைசலில் இருக்கும். இரண்டையும் வேகமாகக் கலந்தால் கொழுப்பு தானாகவே ஆர்.என்.ஏ-வைச் சுற்றி உருண்டு கொள்ளும். குறுக்களவு சுமார் 100 நானோமீட்டர். இரண்டு மில்லிமீட்டர் ஜவ்வரிசி ஒன்றின் குறுக்கே இவற்றில் இருபதாயிரத்தை வரிசையாக அடுக்கலாம்.

இந்தப் பொதி எதற்கு? ஆர்.என்.ஏ-வை அப்படியே ஏற்றினால் ரத்தத்தில் உள்ள நொதிகள் சில நிமிடங்களில் அதை நறுக்கிவிடும். தப்பியதும் செல்லின் சவ்வைத் தாண்டாது. பொதியைச் செல் ஒரு சின்னப் பையில் போட்டு உள்ளே விழுங்குகிறது. அந்தப் பைக்குள் புளிப்பு ஏறுகிறது. ரத்தத்தில் சாதுவாக இருந்த கொழுப்பு ஒன்று, புளிப்பு பட்டதும் நேர்மின்னூட்டம் பெற்றுப் பையின் சுவரைக் கிழிக்கிறது. ஆர்.என்.ஏ வெளியே விழுகிறது. இந்த ஒரு கொழுப்பைச் சரியாக வடிப்பதற்குத்தான் ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள். அப்படியும் விழுங்கப்பட்டதில் மிகச் சிறு பங்குதான் பையை விட்டுத் தப்புகிறது.

இனி உங்கள் கேள்வி. கொரோனா ஊசி தோளில் போட்டது. அங்கே கொஞ்சம் செல்களுக்கும் பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்கும் போய்ச் சேர்ந்தாலே போதும். மீதி வேலையை உடம்பின் காவல் செல்கள் பெருக்கிச் செய்துகொள்ளும். நேரே கட்டிக்குள் போய் வேலை செய்யும் ஆர்.என்.ஏ வேறு வகை, புற்றுக்கட்டியின் மரபணு ஒன்றைச் செயல்படவிடாமல் வாயடைப்பது. அதற்கு அந்த வசதி கிடையாது. அது கட்டியின் செல் ஒவ்வொன்றுக்கும் போயாக வேண்டும். விட்டுப்போன செல்லிலிருந்து கட்டி மறுபடி முளைக்கும்.

அதோடு, ரத்தத்தில் ஏற்றிய பொதி போகிற இடத்தை நாம் தீர்மானிப்பதில்லை. ரத்தத்தில் உள்ள ஒரு புரதம் அதன்மேல் ஒட்டிக்கொண்டு நேராகக் கல்லீரலுக்கு அழைத்துப் போய்விடுகிறது. கல்லீரல் நோய் என்றால் அதுவே வரம். மரபணுவை வாயடைக்கும் இந்த உத்தியை 1998-ல் ஒரு சின்னப் புழுவில் கண்டு சொன்னவர்கள் ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ. 2006-ல் நோபல். கல்லீரல் தயாரிக்கும் ஒரு கெட்ட புரதத்தைத் தடுக்கும் பாட்டிசிரான் என்ற மருந்து 2018-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதையும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ட்ரிப்பில்தான் ஏற்றுகிறார்கள். ஆனால் கட்டி இருப்பது மார்பில் என்றால்? பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டி 2016-ல் கணக்குப் போட்டார்கள். ஆய்வக விலங்குகளில் ஏற்றிய நானோ துகள்களில் கட்டியை எட்டியது, நடுமதிப்பாக, வெறும் 0.7 சதவீதம். மனிதர்களில் நானோ துகள் வழியே போன ஆர்.என்.ஏ கட்டிக்குள் வேலை செய்ததற்கு 2010-லேயே சான்று கிடைத்தது. அது மருந்தாகக் கடைக்கு வரவில்லை. "நேரே கட்டிக்குள் போகும்" என்று வீடியோ எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறது!

கட்டிக்குப் போகும் வழி சிக்கலாக இருப்பதால் வேறொரு வழி வேகமாக நகர்கிறது. அறுத்தெடுத்த கட்டியை ஆராய்ந்து, அதில் மட்டும் உள்ள மாற்றங்களின் அடையாளத்தை எம்.ஆர்.என்.ஏ-வாக எழுதி, உடம்பின் காவல் செல்களுக்குக் காட்டுவது. பொதி கட்டிக்கே போக வேண்டியதில்லை. தோல் புற்றுநோயில் 157 பேரிடம் நடந்த சோதனையில், எதிர்ப்புசக்தியைத் தூண்டும் வழக்கமான மருந்தோடு இந்த ஊசியையும் சேர்த்துப் போட்டவர்களுக்கு நோய் திரும்புவது அல்லது மரணம் என்ற ஆபத்து 44 சதவீதம் குறைந்தது. ஒவ்வொருவருக்கும் அவரவர் கட்டியைப் பார்த்துத் தனித்தனியாகச் செய்த ஊசி. ஃபிரிட்ஜில் அடுக்கிவைத்து வந்தவர்களுக்கெல்லாம் போடும் சரக்கு அல்ல. நல்ல செய்திதான், எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு.

கணையப் புற்றுநோயில் 16 பேருக்குப் போட்டுப் பார்த்த சோதனை 2023-ல் வெளியானது. 8 பேரின் காவல் செல்கள் விழித்துக்கொண்டன. உலகமே பேசிய அந்தச் சோதனையில் நோயாளிகளுக்கு முதலில் அறுவை, பிறகு ஊசி, அதற்கும் பிறகு கீமோ. ஆமாம், கீமோவும் கொடுத்தார்கள். அதை நிறுத்தும் துணிச்சல் ஊசியைக் கண்டுபிடித்தவர்களுக்கே வரவில்லை. நான் தயங்காமல் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

ரஷ்ய அறிவிப்பு 2024 டிசம்பரில் வந்தது உண்மை. எத்தனை பேருக்குப் போட்டார்கள், எத்தனை பேருக்கு நோய் திரும்பவில்லை என்று அந்த வீடியோ சொல்கிறதா என்று கொழுந்தனாரைக் கேளுங்கள். கம்பெனிகள் மறைப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்படி ஒரு மருந்து கையில் இருந்தால் அவர்கள் முதல் வேலையாகப் பங்குச்சந்தைக்குச் சொல்லிவிடுவார்கள்.

ஒரு சின்ன விஷயம். அக்காவுக்கு ஏற்றும் மருந்துகளில் செக்கச்செவேல் என்று ஒன்று இருந்தால், அது பெரும்பாலும் டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து. நரம்பை விட்டுக் கசிந்தால் சதை புண்ணாகிவிடும் என்பதால் நர்ஸ் பக்கத்திலேயே நின்று பார்ப்பார். அதையே கொழுப்புப் பொதிக்குள் வைத்த வடிவம் 1995-லிருந்து இருக்கிறது. கட்டியை அது கூடுதலாகக் கரைத்துவிடவில்லை. இதயத்துக்கு வரும் சேதத்தைக் குறைத்தது. நம் ஊரில் தண்ணீர் வடிகட்டி முதல் பெயிண்ட் வரை 'நானோ' என்று ஒட்டி விற்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் அற்புதம் என்று நினைக்காமலிருக்க இந்த ஒரு உதாரணம் எனக்கு உதவுகிறது.

கீமோ அன்று மலை ஏறாதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு, நல்ல உடம்புக்காரரையே புரட்டும். கீழே சொந்தக்காரர் வீடு இருந்தால் இரண்டு ராத்திரி தங்கட்டும். வாந்தி மாத்திரையை மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். கீமோ முடிந்த இரண்டாவது வாரத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அந்த ராத்திரியே வண்டி பிடித்துக் கீழே இறங்கிவிடுங்கள்.