எத்தனை வாட் வாங்கலாம்? – வயர்லெஸ் கேள்வி பதில்

வாக்கி டாக்கி, ஆன்டெனா, ரிப்பீட்டர் (கேட்டதை மறுபடி ஒலிபரப்பும் கருவி) பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

இடுக்கி மலையில் எங்களுக்கு ஏலத்தோட்டம் இருக்கிறது. ஒரு சரிவில் செல்போன் டவர் கிடைக்கும், அடுத்த சரிவில் கிடைக்காது. கங்காணிகளுக்கு வாக்கி டாக்கி கொடுக்கலாம் என்று ஆன்லைனில் பார்த்தால் ஒன்றில் 16 கிலோமீட்டர், இன்னொன்றில் 50 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது. எதை நம்புவது? – ஒரு வாசகர், போடிநாயக்கனூர்

இரண்டையும் நம்ப வேண்டாம். அட்டைப் பெட்டியில் போடும் கிலோமீட்டர் எல்லாம் ஒருவர் மலை உச்சியிலும் இன்னொருவர் வெட்டவெளிச் சமவெளியிலும் நின்று, நடுவில் ஒரு மரம்கூட இல்லாமல் பேசினால் வருகிற கணக்கு. உங்கள் தோட்டத்தில் ஏலச்செடிக்கு நிழல் கொடுக்கவே பெரிய மரங்களை விட்டு வைத்திருப்பீர்கள், மழைக்காலத்தில் அந்த இலையெல்லாம் நனைந்து தொங்கும், நனைந்த இலை ரேடியோ அலையை நன்றாகவே குடித்துவிடும்.

தூரத்துக்கு முன்னால் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் ஆன்லைனில் கிடைக்கிற பல செட்களை இங்கே பயன்படுத்தவே கூடாது. அமெரிக்காவில் 462, 467 மெகாஹெர்ட்ஸ் என்று பொதுமக்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள், அந்த நாட்டுக்குச் செய்த செட்கள் இங்கும் வந்து விற்கின்றன. இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் வாக்கி டாக்கி பேச நமக்கு இருப்பது 446.0–446.2 மெகாஹெர்ட்ஸும், 865 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் பட்டையும்தான். இந்த 865 பட்டையை 2005-இல் 867 வரை திறந்துவிட்டார்கள், பிறகு 868 வரை நீட்டினார்கள். அதில் டிரான்ஸ்மிட்டர் 1 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. செட்டுக்கு ஈ.டி.ஏ. என்கிற வகை ஒப்புதல் சான்று இருக்க வேண்டும், கடைக்காரரிடம் அதன் நகலைக் கேளுங்கள். ‘அதெல்லாம் எதுக்கு சார்’ என்று சொன்னால் வேறு கடைக்குப் போங்கள். 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்காகவே ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பி, தனி வழிகாட்டு நெறியும் போட்டது.

சரி, அந்த 1 வாட் செட் உங்கள் மலையில் எவ்வளவு தூரம் போகும்? ஒரே சரிவில், ஆளுக்கு ஆள் ஓரளவு பார்வை இருந்தால் நன்றாகக் கேட்கும். நடுவில் ஒரு மலைமுதுகு வந்துவிட்டால் அரை கிலோமீட்டரிலேயே அறுந்து போகலாம். 866 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 35 சென்டிமீட்டர்தான், அது மேட்டைச் சுற்றி வளைந்து வராது. 150 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிற வி.எச்.எஃப். அலை 2 மீட்டர் நீளம், காட்டிலும் மேட்டிலும் அது கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். வனத்துறை வி.எச்.எஃப். வைத்திருப்பது சும்மா இல்லை.

ஆகவே முதலில் இரண்டே இரண்டு செட் வாங்கி, அல்லது கடையில் டெமோ கேட்டு வாங்கிப் போய், தோட்டத்தை நடந்து பாருங்கள். ஸ்டோரில் ஒருவரை உட்கார வைத்து, எங்கெங்கே சத்தம் போகிறது, எங்கே அறுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு சரிவும் தெரிகிற இடத்தில் வேலை செய்கிற கங்காணி ஒருவர் இருந்தால், அவரே கேட்டுச் சொல்லிவிடலாம். ரொம்பப் பழைய முறை, செலவில்லாத முறை. அது போதாது என்றால் மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவான டபிள்யூ.பி.சி.யிடம் சொந்த உபயோகத்துக்கான லைசென்ஸ் வாங்கி, வி.எச்.எஃப். அலைவரிசை ஒதுக்கீடு பெற்று, உச்சியில் ரிப்பீட்டர் வைக்க வேண்டும். விண்ணப்பம் சரள் சஞ்சார் இணையதளம் வழியாக. வயர்லெஸ் மத்திய அரசின் பொறுப்பு என்பதால் நீங்கள் இருப்பது தமிழ்நாட்டில், தோட்டம் இருப்பது கேரளாவில் என்கிற குழப்பம் இதில் வராது. காகித வேலைக்கு மட்டும் பொறுமை வேண்டும்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டிகளின் வாக்கி டாக்கி மொட்டை மாடி வரை கேட்கிறது, கீழ்த்தள பார்க்கிங்கில் மட்டும் கேட்பதில்லை. அதிக வாட் செட் வாங்கினால் சரியாகுமா? – சங்கச் செயலாளர், சென்னை

ஆகாது. கான்கிரீட்டும் அதற்குள் இருக்கிற கம்பியும்தான் தடுக்கின்றன. லைசென்ஸ் இல்லாத பட்டையில் 1 வாட்டுக்கு மேல் போகவும் முடியாது. பார்க்கிங்கில் நிற்பவரைச் சாய்தளத்தின் வாய் பக்கமாக நிறுத்திப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். மீதிக்கு ஒரு இன்டர்காம் போன் மாட்டுங்கள். கம்பி இழுக்க முடிகிற இடத்தில் வயர்லெஸ்ஸுக்கு ஏன் செலவு செய்ய வேண்டும்?

அண்ணன் விசைப்படகு வைத்திருக்கிறார். படகில் 25 வாட் வி.எச்.எஃப். செட் இருக்கிறது. வாங்கிய புதிதில் கரைக்கு நன்றாகக் கேட்டது, இப்போது கொஞ்ச தூரம் போனாலே இரைச்சல். செட்டை மாற்றிவிட்டு 50 வாட் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? – ஒரு வாசகர், தூத்துக்குடி

வாங்காதீர்கள். புதிதில் நன்றாகக் கேட்டது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அப்படியென்றால் ஏதோ கெட்டுப் போயிருக்கிறது. கடலில் கெடுவது பெரும்பாலும் செட் இல்லை, ஏரியலும் கேபிளும்தான். அதோடு 25-ஐ 50 ஆக்கினால் கிடைப்பது, சிக்னல் கூடுவதையும் குறைவதையும் அளக்கும் டெசிபெல் கணக்கில், 3 டெசிபெல், காதுக்கு மெல்லிய வித்தியாசம். பேட்டரியை மட்டும் இரண்டு மடங்கு தின்னும். கடல் வி.எச்.எஃப்.பில் 25 வாட்டுக்கு மேல் விதிப்படியும் இடமில்லை.

முதலில் ஏரியலின் அடியில் கேபிள் சேருகிற கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பச்சை பிடித்திருக்கும். உப்புத் தண்ணீர் அங்கே நுழைந்தால் அதோடு நிற்காது, கேபிளின் மேலுறைக்குள் இருக்கும் செம்புப் பின்னல் வழியாகவே உள்ளே ஏறிவிடும். ஒரு முனையை நறுக்கிப் பாருங்கள், பின்னல் கறுத்திருந்தால் முழுக் கேபிளையும் தூக்கிப் போடுங்கள், கனெக்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை. புதுசு போடும்போது மெல்லிய ஆர்.ஜி.-58 வேண்டாம், விரல் கனம் இருக்கிற ஆர்.ஜி.-213 போடுங்கள். உங்கள் அலைவரிசையில் ஆர்.ஜி.-58 கேபிள் 10 மீட்டருக்குச் சுமார் 2 டெசிபெல் விழுங்கும், 25 வாட் கிளம்பினால் ஏரியலுக்கு 16 வாட் போய்ச் சேரும், அதுவும் கேபிள் புதுசாக இருக்கும்போது. தடித்த கேபிளில் இழப்பு அதில் பாதிதான். கனெக்டர் மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் சாதாரண டேப் ஒரு சுற்று. சாதாரண டேப்பை மட்டும் சுற்றினால் வெயிலில் பசை விட்டுவிடும்.

அடுத்து பேட்டரி ஒயர். 25 வாட்டில் பேசும்போது செட் 5 முதல் 6 ஆம்பியர் இழுக்கும். பேசும் பொத்தானான பி.டி.டி.யை அமுக்கும்போது டிஸ்ப்ளே மங்குகிறதா என்று பாருங்கள். மங்கினால் ஒயர் மெலிசு, அல்லது டெர்மினல் துரு.

இதெல்லாம் சரியான பிறகும் தூரம் போதவில்லை என்றால் ஏரியலை மேலே ஏற்றுங்கள். வி.எச்.எஃப். கிட்டத்தட்ட பார்வைக் கோட்டில்தான் போகும், பூமியின் வளைவு மறைத்துவிடும். இதற்கு எளிய கணக்கு உண்டு. இரண்டு ஏரியலின் உயரத்துக்கும் தனித்தனியாக மீட்டரில் வர்க்கமூலம் எடுத்துக் கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும். இரண்டு படகிலும் ஏரியல் 4 மீட்டர் உயரம் என்றால் பதினாறரை கிலோமீட்டர். 9 மீட்டராக ஏற்றினால் கிட்டத்தட்ட 25. கரையில் 36 மீட்டர் கோபுரம் இருந்தால் உங்கள் 4 மீட்டர் ஏரியலிலிருந்தே 33 கிலோமீட்டர் எட்டும். இந்தக் கணக்கில் வாட்டே வரவில்லை, கவனியுங்கள்.

அண்ணன் ஆழ்கடலுக்குப் போகிறவர் என்றால் இந்தக் கணக்கையே கொஞ்சம் பயத்தோடு பார்க்க வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்டப் படகுகள் பல கரையிலிருந்து வெகு தொலைவில் இருந்தன, வி.எச்.எஃப்.பில் அவர்களைத் தொட வழியே இல்லை. அந்தத் தூரத்துக்குச் செயற்கைக்கோள் வழிக் கருவிதான். இஸ்ரோ வடிவமைத்த டிரான்ஸ்பாண்டர்களைப் படகுகளில் பொருத்தும் திட்டம் நடக்கிறது, மீன்வளத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். அப்புறம், சேனல் 16-இல் மீன் விலை பேசுகிறவர்கள் தயவுசெய்து வேறு சேனலுக்குப் போங்கள். 156.8 மெகாஹெர்ட்ஸ் உயிருக்கு ஆபத்து வரும்போது கூப்பிடவும், முதல் அழைப்புக்கும் உள்ள சேனல்.

நான் ஹாம் (லைசென்ஸ் வாங்கிய பொழுதுபோக்கு ரேடியோக்காரர்). எங்கள் ஊர் நண்பர்களுக்காக, வண்டியில் வைக்கிற இரண்டு பழைய மொபைல் ரேடியோ செட்டை முதுகோடு முதுகாக இணைத்து 2 மீட்டர் பட்டையில் (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) ரிப்பீட்டர் செய்யலாம் என்று இருக்கிறேன். ஒன்றில் கேட்கும், இன்னொன்றில் ஒலிபரப்பும். சுலபம்தானே? – ஒரு வாசகர், ஈரோடு

இணைப்பது சுலபம். ஒன்றின் ஸ்பீக்கரிலிருந்து இன்னொன்றின் மைக்குக்கு ஒரு கம்பி, ஸ்குவெல்ச் (சிக்னல் வராதபோது இரைச்சலை அடைக்கும் பூட்டு) திறந்தால் பி.டி.டி. அமுக்க ஒரு சின்ன சர்க்யூட், அவ்வளவுதான். ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். ஆனால் சுவிட்சைப் போட்டதும் உங்கள் ரிப்பீட்டர் செவிடாகிவிடும்.

2 மீட்டரில் உள்ளே வரும் அலைவரிசைக்கும் வெளியே போகும் அலைவரிசைக்கும் இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ்தான். நண்பர் வீட்டிலிருந்து வரும் சிக்னல் ஒரு வாட்டில் கோடிக்கணக்கான பங்குகளில் ஒரு பங்கு. அதைக் கேட்க வேண்டிய செட்டின் பக்கத்திலேயே இன்னொரு செட் 25 வாட்டில் முழங்குகிறது. கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு போன் பேசுவது மாதிரி. ஸ்குவெல்ச் திறக்கும், மூடும், திறக்கும், நண்பருடைய பேச்சு துண்டு துண்டாக வரும்.

இதைத் தீர்ப்பதற்குத்தான் டூப்ளெக்ஸர். ஒரே ஏரியலில் இரண்டையும் சேர்த்து, ஒன்றின் சத்தம் இன்னொன்றுக்குப் போகாமல் வடிகட்டுகிற கேவிட்டிகள். தேவைப்படுவது ஏறக்குறைய 80 முதல் 90 டெசிபெல் தடுப்பு, அதாவது பத்துக் கோடி முதல் நூறு கோடி மடங்கு குறைக்க வேண்டும். 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளமே அரை மீட்டர், அதனால் ஒவ்வொரு கேவிட்டியும் அரை மீட்டருக்கு மேல் உயரமான உலோக உருளையாக இருக்கும், அப்படி நான்கு அல்லது ஆறு வேண்டும். சந்தையில் உள்ளங்கை அளவு டூப்ளெக்ஸர்கள் மலிவாக வருகின்றன. அவை 5 மெகாஹெர்ட்ஸ் மாதிரி அகல இடைவெளிக்குச் செய்தவை, 600 கிலோஹெர்ட்ஸுக்கு ஆகாது. ட்யூன் செய்ய நானோ வி.என்.ஏ. என்கிற சின்ன அளவீட்டுக் கருவி ஒன்று கையில் இருக்கட்டும். ரிப்பீட்டருக்குள் தடித்த செம்புப் பின்னல் இரட்டை அடுக்காக இருக்கும் கேபிளையே போடுங்கள், சாதாரணக் கேபிளிலிருந்து கசிகிற அலை அத்தனை வேலையையும் கெடுத்துவிடும்.

இன்னொன்று, மொபைல் செட்கள் விட்டு விட்டுப் பேசுவதற்குச் செய்தவை. ரிப்பீட்டரில் யாராவது பத்து நிமிடம் விடாமல் பேசுவார் (ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் இருப்பார்). 25 வாட் செட்டை 10 வாட்டில் ஓட்டுங்கள், பின்னால் ஒரு ஃபேன் வையுங்கள். சி.டி.சி.எஸ்.எஸ். டோன் (பேச்சோடு சேர்த்து அனுப்பும் அடையாள ஒலி, அது வந்தால்தான் ரிப்பீட்டர் திறக்கும்) கட்டாயம் போடுங்கள், இல்லாவிட்டால் எல்.இ.டி. பல்புச் சத்தத்தைக்கூட ஊருக்கு ஒலிபரப்பிக்கொண்டிருக்கும்.

என் கருத்து: முதலில் கிராஸ் பேண்ட் செய்து பாருங்கள். 2 மீட்டரில் கேட்டு 434–438 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒலிபரப்பினால் இடைவெளி மிகப் பெரியது, கேவிட்டி வேண்டாம், இரண்டு பட்டையையும் பிரிக்கிற சின்ன டிப்ளெக்ஸர் போதும். சில இரட்டைப் பட்டை செட்களில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. எதைச் செய்தாலும் ரிப்பீட்டருக்கு டபிள்யூ.பி.சி. அனுமதி தனியாக வாங்க வேண்டும், ஒரு கிளப் பெயரில் கேட்பதுதான் வழக்கம்.

புதிதாக ஆன்டெனா கட்டினேன். எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவிலிருந்து அலை எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு) 1.8-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. தூக்கமே வரவில்லை. – ஒரு வாசகர், மதுரை

தூங்குங்கள். 1.8 என்றால் நூறில் எட்டுப் பங்கு திரும்பி வருகிறது, அவ்வளவுதான். மீட்டரில் 1.1 காட்டுகிற டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சோதனைக்கு மாட்டுவது) எதையும் ஒலிபரப்புவதில்லை. நீளமான மோசமான கேபிள் போட்டாலும் எஸ்.டபிள்யூ.ஆர். அழகாக இறங்கும், திரும்பி வருகிற அலையையும் கேபிளே தின்றுவிடுவதால். 3-ஐத் தாண்டினால் எனக்கு எழுதுங்கள்.

விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களோடு ஹாம் ரேடியோவில் பேசலாம் என்று எட்டாம் வகுப்பு படிக்கும் மகன் சொல்கிறான். உண்மையா? என்ன வாங்கித் தர வேண்டும்? – ஒரு தாய், திருச்சி

உண்மைதான். 2025 ஜூலையில் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா அங்கிருந்து ஹாம் ரேடியோவில் இந்திய மாணவர்களோடு பேசினார். வீரர்கள் பேசாத நேரத்திலும் அங்கே ஒரு ரிப்பீட்டர் ஓடும்: 145.990 மெகாஹெர்ட்ஸில், 67 ஹெர்ட்ஸ் டோனோடு மேலே அனுப்பினால் 437.800-இல் திரும்பி வரும். நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, நடுவில் மலையும் கட்டடமும் இல்லை, அதனால்தான் கையடக்க செட்டுக்கே கேட்கிறது.

இப்போதைக்கு செட் எதுவும் வாங்க வேண்டாம். கணினியில் செருகி ரேடியோ கேட்கிற எஸ்.டி.ஆர். டாங்கிள் ஒன்று, ஒரு சின்ன ஆன்டெனா, போதும். நிலையம் எப்போது தலைக்கு மேல் வரும் என்று செல்போன் ஆப்கள் காட்டும், ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் கிடைக்கும். மொட்டை மாடிக்குப் போய் உட்காரச் சொல்லுங்கள். நெருங்கி வரும்போது 437.810-இல் தேட வேண்டும், நேர் மேலே 437.800, விலகிப் போகும்போது 437.790. நகர்கிற பொருளின் அலைவரிசை இப்படி மாறித் தெரிகிற டாப்ளர் விளைவைப் பையன் பின்னால் பாடத்தில் படிப்பான், இங்கே நேரிலேயே பார்த்துவிடலாம். பேசுவதற்கு மட்டும் லைசென்ஸ் வேண்டும். 12 வயது முடிந்திருந்தால் தேர்வு எழுதலாம், முதலில் தொடக்க நிலையான ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்குப் போகட்டும். லைசென்ஸ் கையில் வந்த பிறகு செட்டைப் பற்றி எழுதுங்கள்.